வேரியன் மில்லெனியம் 120 கொலிமேட்டர்: இலையின் அகலம் இருக்கட்டும், நுனி எப்படி?

புது லினாக் (புற்றுநோய்க்குக் கதிர் பாய்ச்சும் இயந்திரம்) வாங்க வரும் நிர்வாகிகள் "எத்தனை இலை?" என்றுதான் முதலில் கேட்பார்கள். கதிரியக்கச் சிகிச்சைப் பிரிவில் மருத்துவ இயற்பியலாளராக இருக்கும் எனக்கு அந்தக் கேள்வியில் அவ்வளவு ஆர்வமில்லை. வேரியன் நிறுவனத்தின் மில்லெனியம் 120, கதிர்க்கற்றையைக் கட்டியின் வடிவத்துக்கு ஏற்ப மறைக்கும் கொலிமேட்டர்; அதில் எதிரெதிராக நகரும் உலோகத் தகடுகளைத்தான் இலை என்கிறோம். இதில் 60 ஜோடி டங்ஸ்டன் இலைகள். நடுவிலுள்ள 40 ஜோடிகள் 5 மி.மீ., இரு ஓரங்களிலும் பத்துப் பத்து ஜோடிகள் 10 மி.மீ. இது கதிர்மூலத்திலிருந்து 100 செ.மீ. தள்ளி விழும் அளவு. இலையின் அசல் அகலம் ஏறக்குறைய இதில் பாதி. அன்றாட வேலைக்கு இது தாராளம். மூளையில் சிறு கட்டிகளே அதிகம் வரும் இடமென்றால் 2.5 மி.மீ. இலைகள் கொண்ட ஹெச்டி 120 நல்லது. ஆனால் அதில் புலத்தின் (கதிர் விழும் பரப்பின்) நீளம் 40 செ.மீ.யிலிருந்து 22 செ.மீ.யாகக் குறைந்துவிடும்.

கற்றையின் ஓரத்தை முடிவுசெய்வது இலையின் நுனி. இந்த இலைகள் வில்போல் வளைந்து நகராமல் நேர்கோட்டில் நகர்கின்றன. நுனி தட்டையாக இருந்தால், மையத்தை விட்டு விலக விலக அரைநிழல் (ஓரத்தில் டோஸ் படிப்படியாகத் தேயும் பட்டை) அகன்றுகொண்டே போகும். அதனால் நுனியை உருட்டிவிட்டிருக்கிறார்கள். புத்திசாலித்தனமான ஏற்பாடுதான், ஆனால் அதற்கும் ஒரு விலை உண்டு. உருண்ட நுனி வழியே கொஞ்சம் கதிர் ஊடுருவுவதால், புலத்தைக் குறிக்கும் விளக்கொளி காட்டும் ஓரமும் கதிரின் ஓரமும் ஒன்றாக இருப்பதில்லை. எதிரெதிர் இலைகள் மூடிச் சந்திக்கும் இடத்தில் கசிவு இன்னும் அதிகம். அந்தச் சந்திப்பை ஜாவின் (புலத்தை ஓரங்களில் மறைக்கும் தடித்த உலோகக் கட்டையின்) நிழலுக்குள் தள்ளிவைப்பது எங்கள் வழக்கம்.

இந்த ஊடுருவலைத் திட்டமிடும் மென்பொருளுக்கு ஓர் எண்ணாகச் சொல்லியாக வேண்டும். எதிரெதிர் இலைகளுக்கு நடுவே 2, 4, 6, 10, 14, 16, 20 மி.மீ. இடைவெளிகளை ஒவ்வொன்றாகப் புலத்தின் குறுக்கே நகர்த்தி, 0.6 சி.சி. ஃபார்மர் சேம்பர் என்ற கதிரளவியில் அளந்து, இலைக்கசிவைக் கழித்துவிட்டு, இடைவெளிக்கு எதிராக அளவுகளை வரைந்த கோட்டை, அளவு சுழியாகும் வரை பின்னோக்கி நீட்டினால் அந்த எண் கிடைக்கும். பொதுவாக ஒன்றிலிருந்து இரண்டு மில்லிமீட்டருக்குள் இருக்கும். அற்பம் என்று நினைக்க வேண்டாம்: 20 மி.மீ. இடைவெளியில் 1 மி.மீ. பிசகினால் டோஸ் சுமார் 5 சதவீதம் மாறும்; 10 மி.மீ. என்றால் 10 சதவீதம். விற்பனைக்கு வருபவர்களில் இதைத் தாமாகச் சொன்னவரை நான் இன்னும் பார்க்கவில்லை.

என் மதிப்பீடு: ஐந்துக்கு நான்கு. அரை மதிப்பெண் கசிவுக்காகப் போயிற்று. மற்ற அரை, இலைக்கு ஒன்றாக 120 மோட்டார்களைப் பராமரிக்கும் பாட்டுக்காக.

வாங்குகிறவர்கள் ஏற்புச் சோதனையின்போது மெல்லிய கோடுகளை வரிசையாக விழவைக்கும் 'பிக்கெட் ஃபென்ஸ்' படத்தை கேன்ட்ரி (நோயாளியைச் சுற்றிச் சுழலும் இயந்திரக் கை) 0 டிகிரியில் மட்டும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள். 90, 270 டிகிரிகளிலும் எடுக்கச் சொல்லுங்கள். அங்கேதான் புவியீர்ப்பு இலைகளை இழுக்கும். ஒரு கோடு அரை மில்லிமீட்டர் விலகினாலும் படத்தில் கண்ணுக்கே தெரிந்துவிடும்.