கிணத்துத் தண்ணியும் கூலன்ட்டும்: உழவு மெசினோட ஆறு வருசம்

என்னட்ட இருக்கிறது பழைய மூண்டு சிலிண்டர் டீசல் உழவு மெசின். முத்தையன்கட்டுப் பக்கம் ஆவணியில புழுதி உழவு, மாசி பங்குனியில வெட்டு மெசினுக்குப் பக்கத்தில நிண்டு நெல் ஏத்துறது, இந்த ரெண்டு வேலையிலயும்தான் கூடச் சூடேறும்.

வாங்கின புதுசில எஞ்சின் சூட்டை ஆத்துற ரேடியேட்டருக்குக் கிணத்துத் தண்ணிதான் விட்டனான். எங்கட தண்ணி எப்பிடியெண்டு தெரியும்தானே, கேத்திலுக்கு அடியில வெள்ளையாப் பிடிக்கிற அதே சுண்ணாம்பு ரேடியேட்டர் குழாய்க்குள்ளயும் பிடிக்குது. ரெண்டாவது வருசம் புழுதி உழவில ஒருநாள் மத்தியானம் சூடு காட்டுற முள் சிவப்புக்குப் போய் மூடியால ஆவி அடிச்சுது, நான் பதட்டத்தில ஒரு வாளி பச்சைத்தண்ணி எடுத்து ஊத்திப்போட்டன். கொதிச்ச இரும்பில குளிர்தண்ணி பட்டு எஞ்சின்ர மேல்பாகம், ஹெட், வெடிச்சுது, அதுக்கு அடியில அடைப்பா இருக்கிற கஸ்கட்டும் போச்சு. கராச்சில பாஸ் ஹெட்டைக் கழட்டி உள்ளுக்கச் சுரண்டிக் காட்டினார், முட்டைக்கோது மாதிரித் தட்டுத்தட்டா உதிர்ந்துது. "தம்பி, கலப்பையைத் தூக்கிப்போட்டு ஸ்லோவில விட்டு, பிறகு நிப்பாட்டி, அது தானா ஆறினாப் பிறகுதான் தண்ணி" எண்டார்.

அதுக்குப் பிறகுதான் இதைப்பற்றித் தேடி வாசிச்சனான். 2006 ஆவணியில அமெரிக்காவில பொனவில் உப்புத் தரையில ஜேசிபி டீசல்மக்ஸ் எண்ட டீசல் கார் மணிக்கு 563 கிலோமீட்டர் ஓடினது, அதுக்குள்ள ரெண்டு எஞ்சின், எங்கட ஊரில மண் அள்ளுற பெக்கோவில வாற எஞ்சினில இருந்து செய்தது, ஒவ்வொண்டும் 750 குதிரைவலு! அதைக் குளிரவச்சது ஐஸ் தாங்கி. ரேடியேட்டருக்குக் காத்து விட வாய் திறந்தா அந்த வேகத்தில காத்தே பிடிச்சு இழுக்கும். ஒரு கிலோ ஐஸ் உருகவே எடுக்கிற சூடு, ஒரு கிலோ தண்ணியை 0 இல இருந்து 80 டிகிரிக்கு ஏத்துற சூட்டளவு. கொஞ்ச நிமிச ஓட்டத்துக்கு அது காணும். ஆனா எங்கட மெசின் எட்டு மணித்தியாலம் நிண்டு உழோணும், சூட்டைச் சேமிச்சு வைக்க ஏலாது, வந்த உடன காத்தில விடோணும், அதால காத்துப் போற வழியும் தண்ணி போற வழியும் துப்புரவா இருக்கிறதுதான் எல்லாம்.

இப்ப நாலு வருசமா மழைநீர்த் தாங்கித் தண்ணியில பாதிக்குப் பாதி கூலன்ட், ரேடியேட்டருக்கு விடுறதுக்கெண்டே விக்கிற திரவம். மூடி ரப்பர் வெடிச்சா உடன மாத்துறன், ஏனெண்டா மூடி அழுத்தம் பிடிச்சாத்தான் தண்ணி 100 டிகிரியில கொதியாமல் நிக்கும். முந்தி ஒருத்தர் "சூடேறாது" எண்டு, எஞ்சின் சூடாகும் வரைக்கும் ரேடியேட்டருக்குத் தண்ணி போகாமல் மறிக்கிற தேமோஸ்டாட்டைக் கழட்டி எறிஞ்சவர், காலமையில வெள்ளைப்புகை, டீசலும் கூடக் குடிச்சுது, திரும்பப் போட்டாப் பிறகுதான் சரி.

கடைசியா, சுணை. நெல் ஏத்துற நாளில பின்னேரம் பாத்தா ரேடியேட்டர் முகத்தில பதரும் சுணையும் கம்பளி மாதிரி அப்பியிருக்கும். முன்னுக்கு இருந்து கொம்பிரசர் அடிச்சா இன்னும் உள்ளுக்க இறுகும், ஃபான் பக்கத்தில இருந்து முன்னுக்குத் தள்ளி அடிக்கோணும், குழலைக் கிட்டப் பிடிச்சா ரேடியேட்டரின்ர மெல்லிய தகட்டுச் செட்டை மடங்கிப்போகும். நான் ரெண்டு முழம் தள்ளித்தான் பிடிக்கிறனான்.

கூலன்ட் ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா மாத்துறன். போனமுறை வடிச்சது வெள்ளைப் போத்திலில பச்சை மாறாமல் வந்துது, அடியில ஒரு பொட்டுத் துரு இல்ல.