மூன்று இனிப்பு ஸ்பானிய ஒயின், ஒரு சாயங்காலம்: பி.எக்ஸா, மொஸ்காடெலா?

மேசையில் மூன்று பாட்டில். ஸ்பெயினின் ஹெரேஸ் ஊர் லுஸ்தா நிறுவனத்தின் சான் எமிலியோ, மோந்தில்யா ஊர் அல்வெயார் நிறுவனத்தின் சொலேரா 1927, அப்புறம் லுஸ்தாவின் எமிலின் மொஸ்காடெல். முதல் இரண்டும் பெட்ரோ ஹிமேனெஸ் திராட்சை, சுருக்கமாக பி.எக்ஸ். மூன்றாவது மொஸ்காடெல் என்ற திராட்சை.

சான் எமிலியோவைக் கருப்பட்டிப் பாகு என்றே சொல்லிவிடலாம். கோப்பையைச் சாய்த்து நிமிர்த்தினால் கண்ணாடியில் ஒரு பழுப்புத் திரை, அது இறங்குவதற்குள் நாம் ஒரு கதை பேசி முடித்துவிடலாம். இத்தனைக்கும் இது வெள்ளைத் திராட்சை. பறித்த குலைகளைப் பாயில் பரப்பி ஒரு வாரம் போல வெயிலில் வற்றவிட்டுப் பிழிகிறார்கள், நொதிக்க ஆரம்பித்ததுமே திராட்சைச் சாராயம் ஊற்றி நிறுத்திவிடுகிறார்கள், அதனால் சர்க்கரை அப்படியே தங்கிவிடுகிறது. கறுப்பு நிறம் காய்ந்ததிலும் பீப்பாயில் கிடந்த வருடங்களிலும் வந்தது. ஹெரேஸ் வட்டாரத்து ஒயினுக்கு ஷெர்ரி என்று பெயர், அதன் விதிப்படி பி.எக்ஸில் லிட்டருக்குக் குறைந்தது 212 கிராம் சர்க்கரை வேண்டும். ஆனால் 400ஐத் தாண்டுவதெல்லாம் சகஜம். கோலாவில்கூட நூற்றுச் சொச்சம்தான்! பேரீச்சை, உலர்திராட்சை, கொஞ்சம் சாக்லேட். முதல் மடக்கு அமிர்தம், மூன்றாவது மடக்கில் தண்ணீரைத் தேடினேன்.

அல்வெயார் இதற்கு ஒரு படி மேல். அத்திப்பழ இனிப்புக்கு அடியில் காபித் தூள் மாதிரி ஒரு கசப்பு, அதுதான் திகட்டவிடாமல் காப்பாற்றுகிறது. 1927 என்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள், அது அறுவடை ஆண்டு இல்லை, சொலேரா என்கிற பீப்பாய் அடுக்கைத் தொடங்கிய ஆண்டு. கீழ் வரிசையில் கொஞ்சம் எடுப்பார்கள், எடுத்த இடத்தை மேல் வரிசையிலிருந்து நிரப்புவார்கள், ஆக பழையதும் புதியதும் கலந்துதான் நமக்கு வருகிறது. ஒரே வருடத்துச் சரக்குதான் வேண்டும் என்றால் அதே வட்டாரத்து டோரோ அல்பாலா நிறுவனத்தின் பாட்டில்களைப் பாருங்கள்.

பி.எக்ஸில் எந்த ஊர் உசத்தி, ஹெரேஸா மோந்தில்யாவா என்ற சண்டையும் பாதி வெட்டி. மோந்தில்யா இருக்கும் கோர்தோபா மாகாணத்து வெயிலில்தான் இந்தத் திராட்சை செழிக்கிறது, ஹெரேஸ்காரர்களும் அங்கிருந்து வாங்கித் தங்கள் ஊரில் முதிரவைக்க விதியே அனுமதிக்கிறது.

சரி, மொஸ்காடெல். சிப்பியோனா என்ற ஊர்ப் பக்கத்துக் கடலோர மணலில் விளைவது. விதிப்படி 160 கிராம் சர்க்கரை இருந்தால் போதும். மூக்கருகே கொண்டுபோனாலே ஆரஞ்சுத் தோலும் மல்லிகையும் மணக்கிறது. என்னால் இரண்டாவது கோப்பை கேட்க முடிந்தது இதை மட்டும்தான். லேசாகக் குளிரவைத்துக் குடியுங்கள்.

அப்போ பி.எக்ஸ் வேண்டாமா? வேண்டும், வெனிலா ஐஸ்கிரீம் மேல் ஊற்ற. ஸ்பெயின்காரர்களே அப்படித்தான் செய்கிறார்கள். அதற்குச் சான் எமிலியோ போதும், அல்வெயாரை வீணடிக்க வேண்டாம். திறந்த பாட்டில் ஃபிரிட்ஜில் ஒரு மாதம் தாராளமாகத் தாங்கும். மூடும் முன் வாயை ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள், நான் துடைக்காமல் மேசையிலேயே விட்டதில் காலையில் எறும்புகள் எனக்கு முன்னாடியே ருசி பார்த்துக்கொண்டிருந்தன.