டிசம்பர் 25, ஜனவரி 7, ஜனவரி 6, செப்டம்பர்: இயேசுவின் பிறப்பை எந்த நாளில் கொண்டாடுவது?

பெத்லகேமில் இயேசு பிறந்த இடம் என்று காட்டப்படும் ஆலய வளாகம் ஒன்றுதான். அங்கே கிறிஸ்துமஸ் மட்டும் மூன்று தடவை வருகிறது. டிசம்பர் 24 நள்ளிரவில் கத்தோலிக்கர்கள் கூடுகிறார்கள். அவர்கள் ஆரவாரம் அடங்கி இரண்டு வாரம் போனதும் ஜனவரி 6 இரவில், அதாவது ஜனவரி 7-க்கு முந்தின இரவில், கிரேக்க ஆர்த்தடாக்ஸ் சபையார். அப்புறம் ஜனவரி 18 இரவில், ஜனவரி 19-க்காக, ஆர்மீனியர்கள். பார்க்கிறவர்களுக்கு மூன்று தேதி மாதிரித் தெரியும். உண்மையில் அங்கே இருப்பது இரண்டே தேதிதான்: மற்ற இருவரின் டிசம்பர் 25, ஆர்மீனியர்களின் ஜனவரி 6. மீதியெல்லாம் காலண்டர் செய்கிற வேலை.

முதலில் அந்தக் காலண்டர் கணக்கை முடித்துவிடுவோம். ஜூலியஸ் சீசரின் காலண்டர் வருஷத்தைச் சுமார் 11 நிமிடம் நீட்டிக் கணக்கிட்டது. நூற்றாண்டுகள் போகப் போக அது நாட்களாகச் சேர்ந்தது. 1582-இல் போப் 13-ஆம் கிரகோரி அக்டோபர் 4-க்கு மறுநாளை அக்டோபர் 15 என்று அறிவித்துப் பத்து நாளை வெட்டி எறிந்தார். ரஷ்யா, செர்பியா, ஜார்ஜியா, எருசலேம் ஆகிய இடங்களின் ஆர்த்தடாக்ஸ் சபைகள் பண்டிகைகளுக்குப் பழைய காலண்டரையே வைத்துக்கொண்டன. அந்தப் பத்து நாள் இடைவெளி வளர்ந்து இன்று 13 நாள். ஆகவே ஜனவரி 7-இல் கொண்டாடுகிறவர்களைக் கேட்டால், "எங்களுக்கும் இன்று டிசம்பர் 25தான்" என்பார்கள். அவர்கள் சொல்வது சரிதான். 2100-இல் இந்த இடைவெளி 14 நாளாகிவிடும். பழைய காலண்டரை விடாவிட்டால் 2101 முதல் அந்தப் பண்டிகை ஜனவரி 8-க்கு நகரும்.

இதில் வேத விளக்கம் எதுவும் சம்பந்தப்படவில்லை. ஆனால் யார் பக்கம் நிற்கிறோம் என்பது சம்பந்தப்படுகிறது. உக்ரைனில் 2023-இல் ஜனவரி 7 அரசு விடுமுறையை நீக்கி, டிசம்பர் 25-ஐ மட்டும் வைத்துக்கொண்டார்கள். உக்ரைன் ஆர்த்தடாக்ஸ் சபைகளில் ஒன்று அதே ஆண்டு செப்டம்பரில் புதிய காலண்டருக்கு வந்தது. மாஸ்கோவோடு வரலாற்றுத் தொடர்புள்ள மற்றொன்று பழையதிலேயே நின்றது.

உண்மையான போட்டி டிசம்பர் 25-க்கும் ஜனவரி 6-க்கும் இடையில்தான். ஆர்மீனிய அப்போஸ்தல திருச்சபை ஜனவரி 6-இல் இயேசுவின் பிறப்பையும் ஞானஸ்நானத்தையும் சேர்த்து ஒரே விழாவாகக் கொண்டாடுகிறது. (பெத்லகேம், எருசலேம் பகுதியில் பழைய காலண்டர்ப்படி, அதனால்தான் அங்கே ஜனவரி 19.) ஏதோ ஒரு மூலையில் ஒதுங்கிப்போன வழக்கம் என்று இதைத் தள்ளிவிட முடியாது. ஒரு காலத்தில் கிழக்கு முழுவதும் இதுதான் பெரிய விழா. 380-களில் எருசலேமுக்கு யாத்திரை போன எகேரியா என்ற பெண்மணியின் குறிப்புகளில், இந்த விழாவுக்காகப் பெத்லகேம் போன கூட்டம் இரவோடு இரவாகப் பாட்டுப் பாடிக்கொண்டு எருசலேம் திரும்புகிறது. 6-ஆம் நூற்றாண்டு வரை எருசலேம் சபை ஜனவரி 6-ஐ விடவில்லை. ஆக, பிறந்த ஊரில் டிசம்பர் 25 என்பது பின்னால் வந்து சேர்ந்த விருந்தாளி.

டிசம்பர் 25 எங்கிருந்து வந்தது? ரோமில் இருந்து. 354-ஆம் ஆண்டைச் சேர்ந்த ஒரு ரோமானியத் தொகுப்பு நூலில் விசுவாசத்துக்காக உயிர்விட்ட இரத்தசாட்சிகளின் நினைவு நாள் பட்டியல் ஒன்று இருக்கிறது. அதன் முதல் வரியே, டிசம்பர் 25-இல் யூதேயாவின் பெத்லகேமில் கிறிஸ்து பிறந்தார் என்பதுதான். அந்தப் பட்டியல் 336-இல் தொகுக்கப்பட்டதாகக் கருதுகிறார்கள். அதே நூலில் பொதுக் காலண்டரைப் புரட்டினால், அதே டிசம்பர் 25-இல் வெல்லமுடியாதவனின் பிறந்தநாள் என்றும் 30 தேர்ப்பந்தயங்கள் என்றும் குறிப்பு இருக்கிறது. அந்த வெல்லமுடியாதவன் சூரிய தேவன்.

"பார்த்தீர்களா, புறமதப் பண்டிகையைத் திருடிவிட்டார்கள்" என்று சொல்கிறவர்கள் பிடித்துக்கொள்வது இந்த இடத்தைத்தான். எனக்கு இது அவசர முடிவாகப் படுகிறது. இரண்டு குறிப்பும் ஒரே நூலுக்குள் இருக்கின்றன. எது எதைப் பார்த்து வந்தது என்பதை அந்த நூல் சொல்வதில்லை. இன்னொரு விளக்கமும் இருக்கிறது. மேற்கில் பலர் இயேசு மரித்தது மார்ச் 25 என்று கணக்கிட்டார்கள். கருவில் உருவான நாளும் அதுவே என்று நம்பினார்கள். சபையின் பழைய அறிஞர் அகஸ்டின் இதை எழுதியே வைத்திருக்கிறார். அதிலிருந்து ஒன்பது மாதம் எண்ணினால் டிசம்பர் 25. கிழக்கில் சிலர் மரணத்தை ஏப்ரல் 6 என்றார்கள். ஒன்பது மாதம் கழித்து ஜனவரி 6. இரண்டு தேதிக்கும் ஒரே சூத்திரம் பொருந்துவது தற்செயல் என்று தோன்றவில்லை. ஆனால் சூத்திரம் அழகாக இருக்கிறது என்பதற்காக விடை சரியாகிவிடாது.

செப்டம்பர் கட்சிக்கு வருவோம். இவர்கள் லூக்கா முதல் அதிகாரத்தைத் திறந்து வைத்துக்கொண்டு பேசுவார்கள். யோவான் ஸ்நானகனின் தகப்பனான சகரியா, எருசலேம் ஆலயத்தில் அபியாவின் வகுப்பைச் சேர்ந்த ஆசாரியன். 1 நாளாகமம் 24-இன்படி ஆசாரியர்களின் 24 வகுப்புகளில் அது எட்டாவது. ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு வாரம் முறை. யூதர்களின் முதல் மாதமான நிசானிலிருந்து (மார்ச்-ஏப்ரல்) எண்ணினால் சகரியாவின் முறை ஜூன் வாக்கில் வரும். அதற்குப் பின் அவர் மனைவி எலிசபெத்து கருவுறுகிறாள். அந்தக் கர்ப்பத்தின் ஆறாம் மாதத்தில், இயேசுவைப் பெறுவாய் என்று மரியாளுக்குச் செய்தி வருகிறது. அங்கிருந்து ஒன்பது மாதம் போனால் செப்டம்பர், யூதர்களின் கூடாரப் பண்டிகைக் காலம். இதற்கு யோவான் 1:14-ஐயும் சேர்த்துக்கொள்வார்கள். தமிழில் "வாசம்பண்ணினார்" என்று படிக்கிறோமே, அந்த இடத்தில் கிரேக்கச் சொல்லுக்குக் கூடாரம் போட்டுத் தங்கினார் என்று பொருள். கேட்கும்போது மெய்சிலிர்க்கும். ஆனால் ஒவ்வொரு வகுப்புக்கும் வருஷத்தில் இரண்டு முறை வரும். இரண்டாவது முறையை எடுத்துக்கொண்டால் பிறப்பு மார்ச் வாக்கில் போய் நிற்கிறது. எந்த முறை என்று லூக்கா எழுதவில்லை.

இதே கணக்கை டிசம்பருக்காகவும் போட்டிருக்கிறார்கள். 386 வாக்கில் சிரியாவின் அந்தியோகியாவில் பிரசங்கித்த சபைப் போதகர் கிறிசோஸ்தோம், இந்த விழா தங்களுக்குத் தெரியவந்து பத்து வருஷம்கூட ஆகவில்லை என்று ஒத்துக்கொண்டே அதற்காக வாதாடினார். சகரியா செப்டம்பர் வாக்கில் வரும் யூதர்களின் பாவநிவிர்த்தி நாளில் தூபம் காட்டினார் என்று வைத்து எண்ணினார். அந்த நாளின் ஊழியம் பிரதான ஆசாரியனுடையது. சகரியாவோ சீட்டு விழுந்து உள்ளே போன சாதாரண ஆசாரியன். மேய்ப்பர்கள் இரவில் வயல்வெளியில் இருந்தார்கள், ஆகவே குளிர்காலமாக இருக்க முடியாது என்ற வாதமும் பலவீனமானது. அந்த மலைப்பகுதியில் குளிர்கால மழை வந்த பிறகுதானே புல்லே முளைக்கிறது.

கொண்டாடவே கூடாது என்கிறவர்களும் உண்டு. 3-ஆம் நூற்றாண்டில் ஒரிகேன் என்ற கிறிஸ்தவ அறிஞர், வேதத்தில் பிறந்தநாள் கொண்டாடியவர்கள் பார்வோன், ஏரோது போன்றவர்களே என்றார். 1659-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் பியூரிட்டன்கள் என்ற கண்டிப்பான புராட்டஸ்டண்ட் பிரிவினர் கிறிஸ்துமஸ் கொண்டாடினால் 5 ஷில்லிங் அபராதம் என்று சட்டமே போட்டார்கள்; 1681-இல் அது நீக்கப்பட்டது. யெகோவாவின் சாட்சிகள் இன்றும் கொண்டாடுவதில்லை. வேதத்தில் கட்டளை இல்லை என்ற இவர்களின் வாதம் மற்ற எல்லாத் தரப்பையும்விட நேர்மையானது என்பேன். ஆனால் கட்டளை இல்லாதது வேறு, தடை இருப்பது வேறு.

என்னைக் கேட்டால், பழமைக்கு ஜனவரி 6, கூடிக் கொண்டாட டிசம்பர் 25. நான் இரண்டாவதோடு இருந்துகொள்கிறேன். செப்டம்பரில் கொண்டாடுகிறவர்களோடும் எனக்குச் சண்டை கிடையாது. அபியாவை வைத்து நிரூபித்துவிட்டேன் என்று யாராவது வந்தால் மட்டும், அந்த இரண்டாவது முறையை என்ன செய்தீர்கள் என்று கேட்பேன்.