கொழும்பில் ஒரு காணொளியை மீட்டெடுத்த அனுபவம்

கொழும்பில் கைத்தொலைபேசி திருத்தும் கடைகளுக்குப் பஞ்சமில்லை. வெள்ளவத்தையில் காலி வீதியோரமாக நடந்தாலே கண்ணாடி மாற்றவும் பற்றரி மாற்றவும் ஆள் கிடைத்துவிடும். ஆனால் அழிந்துபோன காணொளியையோ, இருந்தும் ஓடாத காணொளியையோ மீட்டுத் தருவது வேறு வேலை. அதைச் செய்வதாகச் சொல்லும் கடைகள் பல, செய்யத் தெரிந்தவர்கள் சிலர் என்பதை கனடாவிலிருந்து இம்முறை ஊர் வந்திருந்தபோது நேரில் கண்டேன்.

மச்சாளின் மகளுடைய திருமணத்தில் தாலி கட்டும் சடங்கைப் பதிவு செய்துகொண்டிருந்தபோது என் கைத்தொலைபேசி பற்றரி தீர்ந்து அணைந்துவிட்டது. சார்ஜ் ஏற்றிப் பார்த்தபோது கோப்பு இருந்தது, அதன் அளவும் ஒரு கிகாபைற்றுக்கு மேல் காட்டியது. ஆனால் எந்தச் செயலியிலும் அது ஓடவில்லை.

முதலில் போன கடையில் இருந்தவர் என்ன நடந்தது என்றுகூடக் கேட்கவில்லை. "வச்சிட்டுப் போங்க அக்கா, பின்னேரம் எடுக்கலாம்" என்று சொல்லி, முற்பணமும் திரையின் பூட்டு இலக்கமும் கேட்டார். வங்கிச் செயலி முதல் கடவுச்சீட்டின் படம் வரை உள்ள ஒரு பொருளை அப்படி விட்டுவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. அங்கிருந்து 100ஆம் இலக்க பஸ்ஸில் பம்பலப்பிட்டிக்குப் போய், மஜெஸ்டிக் சிற்றிக்குப் பக்கத்தில் கணினிக் கடைகள் நிறைந்த யூனிட்டி பிளாசாவில் விசாரித்தேன். அங்கே ஒரு சிறிய கடையில் இருந்த தம்பி, கைத்தொலைபேசியைத் தொடுவதற்கு முன்பே, "அழிஞ்சு போனதா, இல்லாட்டி இருந்தும் ஓடேல்லையா?" என்று கேட்டார்.

மீட்க முடியுமா, முடியாதா என்பதை அந்தக் கேள்விக்கான பதிலே தீர்மானிக்கிறது. கைத்தொலைபேசிக் காணொளிகள் பொதுவாகச் சேமிக்கப்படும் எம்பி4 வகைக் கோப்பொன்றில் படமும் ஒலியும் ஒரு பகுதியில் தொடர்ச்சியாகச் சேர்ந்துகொண்டே போகும். எந்தப் படச்சட்டகம் எங்கே தொடங்குகிறது, எவ்வளவு நீளம் என்ற அட்டவணை 'மூவ்' எனப்படும் வேறொரு பகுதியில் இருக்கும். கைத்தொலைபேசிகள் பொதுவாகப் பதிவை நிறுத்தும் தறுவாயில்தான் இந்த அட்டவணையை எழுதி முடிக்கின்றன என்பதால், இடையில் மின்சக்தி போனால் படம் முழுவதும் உள்ளே இருந்தும் அதை வாசிக்க வழியில்லாமல் போகிறது. அதே கைத்தொலைபேசியில், அதே தெளிவுத்திறனில் எடுத்த நல்ல காணொளி ஒன்று இருந்தால், அதை மாதிரியாக வைத்து அட்டவணையைப் புதிதாகக் கட்டலாம். 'அன்ட்ரங்க்' என்ற இலவச மென்பொருள் இதைத்தான் செய்கிறது.

ஆகவே கைத்தொலைபேசியைக் கொடுக்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. பழுதான கோப்பையும், கடை வாசலில் நின்று அப்போதே எடுத்த ஒரு காணொளியையும் பென் டிரைவில் பிரதி செய்து கொடுத்தேன், அவ்வளவுதான். முதலில் கிடைத்த பிரதியில் படம் நன்றாகவே இருந்தது. ஆனால் கெட்டிமேளம் கொட்டும் இடத்தில் தவிற்காரரின் கை விழுந்த பிறகுதான் அடி கேட்டது. அந்தத் தம்பி ஒலியைத் தனியாகப் பிரித்து, அந்த அடிகளையே அளவுகோலாக வைத்து முன்னே இழுத்துப் பொருத்தினார். பொறுமையான வேலை அது. கடைசிச் சில நொடிகள் மட்டும் கிடைக்கவில்லை.

அழிக்கப்பட்ட காணொளியின் கதை வேறு. அண்ட்ரொயிட் 10 உடன் வெளிவந்த கருவிகள் முதல் உள்நினைவகத்திலுள்ள ஒவ்வொரு கோப்பும் குறியாக்கம் செய்யப்பட்டே, அதாவது சாவியில்லாமல் வாசிக்க முடியாதபடி மாற்றப்பட்டே சேமிக்கப்படுகிறது, ஐபோனிலும் அப்படியே. கோப்பை முற்றாக அழித்தால் அதைத் திறக்கும் சாவியும் சேர்ந்தே போய்விடும். "எதையும் எடுத்துத் தருவோம்" என்று பலகை தொங்கவிட்டவரால் அங்கே ஒன்றும் செய்ய முடியாது. முதலில் பார்க்க வேண்டியது குப்பைத்தொட்டியைத்தான்: கூகுள் போட்டோஸ் காப்புப் பிரதி எடுத்தவற்றை 60 நாட்கள் வரையும், ஐபோன் குறைந்தது 30 நாட்களும் வைத்திருக்கும். அங்கேயும் இல்லாவிட்டால், வாட்ஸ்அப்பில் யாருக்காவது அனுப்பியிருந்தோமா என்று உறவினரைக் கேட்கலாம். தரம் குறைந்திருந்தாலும் காட்சி இருக்கும்.

குறியாக்கம் இல்லாத மெமரி கார்ட்டில் ஓரளவு நம்பிக்கை உண்டு. மச்சாளின் மகன் தன் கார்ட்டிலிருந்த பொன்னுருக்குக் காணொளிகளை அழித்துவிட்டிருந்தான். அதன் பின் அதில் எதுவும் பதியாமல் கழற்றி வைத்திருந்ததால், 'போட்டோரெக்' மென்பொருள் அவற்றில் சிலவற்றைக் கொண்டுவந்தது. பெயரும் வரிசையும் இல்லாமல், ஒவ்வொன்றாகத் திறந்து அடையாளம் காண வேண்டியிருந்தது. கார்ட்டில் துண்டு துண்டாகச் சிதறிக் கிடந்த பெரிய கோப்புகள் மீளவில்லை. அவற்றுக்கு அந்தத் தம்பி காசும் வாங்கவில்லை.

குறை என்று சொன்னால் ஒன்றுண்டு. கடைக் கணினியில் தங்கியிருந்த எங்கள் பிரதிகளை அழிக்கும்படி நானாகத்தான் கேட்க வேண்டியிருந்தது. கேட்டதும் முகம் சுளிக்காமல் என் முன்னாலேயே அழித்துக் காட்டினார். பற்றுச்சீட்டையும் கேட்டுத்தான் வாங்கினேன். அதில் "போன் ரிப்பேர்" என்று மட்டும் எழுதியிருந்தது.