‘அவர்’ என்றால் ஆணா? ஒன்றரை வருடப் பாவனைக்குப் பின்

சாவகச்சேரியில் தட்டச்சு, மொழிபெயர்ப்புக் கடை போடப்போகும் மச்சாள் நேற்றுத் தொலைபேசியில் கேட்டாள்: “நீ பாவிக்கிற அந்தச் செயற்கை நுண்ணறிவுச் செயலிக்கு மாதாமாதம் காசு கட்டலாமோ? விலையும் குறைத்துவிட்டார்களாம்.” உடனே வாயில் வந்த பதில் ஒன்று, ஒன்றரை வருடக் கணக்கு இன்னொன்று. அதனால்தான் எழுதுகிறேன். அது என்னென்ன செய்யும் என்பது ஊருக்கே தெரியும், அதற்குள் போகவில்லை. என் கடை கச்சேரிக்கு, அதாவது மாவட்டச் செயலகத்துக்கு, கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. வருவதெல்லாம் சேவைக் கடிதம், கடன் விண்ணப்பம், விசாவுக்கான மொழிபெயர்ப்பு.

என் வயிற்றெரிச்சல் ஒன்றே ஒன்றுதான். ‘அவர்’ என்ற சொல்லைக் கண்டால் அதற்குக் கை சும்மா இருக்காது.

தமிழில் ‘பொறியியலாளர் வந்தார், அவர் பார்வையிட்டார், கையொப்பமிட்டார்’ என்று பத்துப் பக்கம் எழுதலாம். ஆணா பெண்ணா என்ற பேச்சே எழாது, மரியாதை மட்டும் தெரியும். ஆங்கிலத்துக்குப் போனால் ஒரு பக்கம் சாய்ந்தாக வேண்டும். பொறியியலாளர், பாடசாலை அதிபர், கிராம அலுவலர், வங்கி முகாமையாளர் எல்லாரும் ‘ஹீ’. தாதியும் முன்பள்ளி ஆசிரியரும் ‘ஷீ’. ‘பிரதமர் யாழ்ப்பாணம் வந்தார், அவர் மாணவரைச் சந்தித்தார்’ என்று ஒருநாள் வேண்டுமென்றே கொடுத்துப் பார்த்தேன். ‘ஹீ’தான். 1960 இல் உலகின் முதல் பெண் பிரதமரைத் தெரிந்தெடுத்த நாடு இது. 2024 இல் மூன்றாவது பெண்ணும் அந்தக் கதிரையில் அமர்ந்துவிட்டார்.

போதாததற்கு எங்கள் பெயர்முறை வேறு. பெண்ணின் பெயருக்கு முன்னால் தகப்பன் பெயர் நிற்கும். செயலி அந்தத் தகப்பனைப் பிடித்துக்கொண்டு மகளுக்கு மீசை வைத்துவிடும்.

போன ஆவணியில் பருத்தித்துறையிலிருந்து ஒரு தொழில்நுட்ப உத்தியோகத்தர் சேவைக் கடிதம் மொழிபெயர்க்க வந்தார். முதல் இரண்டு பந்தியும் சரி. மூன்றாவதில் ஒரேயொரு ‘ஹிஸ்’. மின்வெட்டு நேரத்துக்கு முன்னர் அச்சிட வேண்டும் என்ற அவசரத்தில் நான் பார்க்கவில்லை. கடவுச்சீட்டில் பெண், கடிதத்தில் ஆண். விண்ணப்பம் திரும்பி வந்தது. மறுபடி பஸ் ஏறி வந்து, கடிதத்தை என் மேசையில் விரித்து, அந்தச் சொல்லின் கீழே நகத்தால் ஒரு கோடு இழுத்தார். “அக்கா, பதினாறு வருடம் வெயிலில் நின்று வீதி அளந்தவள் நான். இது யார்?” காசைத் திருப்பிக் கொடுத்தேன். அவர் வாங்கவில்லை. அதுதான் இன்னும் சுட்டது.

இந்தச் சாய்வு என் கடைக்கு மட்டும் வந்த சனியன் அல்ல. இந்தச் செயலிகள் கோடிக்கணக்கான பக்கங்களைப் படித்து, எந்தச் சொல்லுக்குப் பின் எது வரக்கூடும் என்று ஊகிப்பவை. படித்த பக்கங்களில் பொறியியலாளருக்குப் பக்கத்தில் பெரும்பாலும் ஆண் நின்றால், இங்கேயும் ஆண்தான் வருவான். இப்படிப்பட்ட செயற்கை நுண்ணறிவு மாதிரிகளைப் பற்றி 2024 மார்ச்சில் யுனெஸ்கோ வெளியிட்ட ஆய்வில், பெண்கள் வீடு, குடும்பம், பிள்ளைகள் என்ற சொற்களோடும் ஆண்கள் வணிகம், சம்பளம், தொழில் என்ற சொற்களோடும் சேர்த்து எழுதப்படுவது தெரிந்தது. அவற்றில் ஒன்று, ஆண்களைவிடப் பெண்களை நான்கு மடங்கு வீட்டுவேலைக்கு அனுப்பியிருந்தது. துருக்கி மொழியிலும் நம் ‘அவர்’ போல ‘ஓ’ என்றொரு சொல் உண்டு, ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது. அதை வைத்து ‘ஹீ டொக்டர், ஷீ தாதி’ என்று எழுதி ஏச்சு வாங்கிய கூகுள் மொழிபெயர்ப்பு, 2018 கடைசியில் அத்தகைய வாக்கியங்களுக்கு இரண்டு விடையையும் காட்டத் தொடங்கியது. வழி இல்லாமல் இல்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

படம் கேட்டாலும் இதே கதைதான். கடைப் பலகைக்காக வெங்காயத் தோட்டத்தில் வேலை செய்யும் விவசாயி ஒருவரைக் கேட்டேன். தலைப்பாகையோடு ஓர் ஆண். எங்கள் பக்கத்தில் குனிந்து வெங்காயம் பிடுங்குவது யார் என்று அதற்கு எப்படித் தெரியும்? ‘பெண் விவசாயி’ என்று திருத்தினேன். பட்டுச்சேலை கட்டி, தலை நிறைய மல்லிகை வைத்து, சேறு ஒட்டாத கையோடு ஒருத்தி வந்து சிரித்தாள். கலியாண வீட்டுக்குப் போகிற வழியில் தோட்டத்துக்குள் இறங்கியவள் போல.

நியாயத்துக்கு நல்லதையும் சொல்ல வேண்டும். பிழையைக் காட்டினால் வீம்பு பிடிக்காது, உடனே திருத்தும். ‘பாலினம் தெரியாவிட்டால் ஊகிக்காதே, என்னைக் கேள்’ என்று தொடக்கத்திலேயே எழுதிவைத்தால் ஒரு பக்கக் கடிதத்தில் ஒழுங்காகக் கேட்கிறது. ஐந்தாறு பக்கம் போனால் மறந்துவிடுகிறது. அப்படி மறந்த ஒருநாள், கணவனை இழந்த ஒரு அம்மாவின் கடன் விண்ணப்பத்தில் ‘குடும்பத் தலைவர்’ என்பதைக் கண்டு, ‘ஹிஸ் வைஃப்’ என்று தானாகவே சேர்த்தது. நான் திரையில் வாசித்துக் காட்ட அந்த அம்மா சிரித்தார்: “இனி எனக்கு எங்கே, பிள்ளை, பெண் பார்ப்பது?” வடக்கில் பெண் தலைமையில் எத்தனை குடும்பங்கள் இருக்கின்றன என்பதை அந்தச் சிரிப்புக்குப் பிறகு நான் அதற்கு விளக்கவில்லை.

இதையெல்லாம் கோபத்தோடு எழுதிக்கொண்டே என் பழைய கோப்புகளைத் திறந்தேன். 2013 இல், இந்தச் செயலிகளின் பெயரே தெரியாத காலத்தில், நானே தட்டிவைத்த நற்சான்றிதழ் மாதிரி. தொடக்கம் முதல் முடிவு வரை ‘ஹீ’. பெண்கள் வந்தால் ஒவ்வொன்றாக மாற்றிக் கொடுத்திருக்கிறேன், பத்து வருடமாக. பெண்ணுக்கென்று ஒரு கோப்பு வைக்க எனக்கும் தோன்றவில்லை.

இரண்டு மணி நேர வேலையை இருபது நிமிடத்தில் முடித்துத் தருகிறது. ஆங்கிலமும் என்னுடையதைவிடத் திறம். சந்தாவை நான் நிறுத்தப்போவதில்லை. ஆனாலும் மச்சாளுக்கு ‘வேண்டாம்’ என்றுதான் சொன்னேன், அந்த நகக்கோடு நினைவுக்கு வந்ததால். அவள் கேட்கமாட்டாள், எப்படியும் வாங்குவாள். வாங்கினால் ஒன்று மட்டும் செய்யட்டும்: அச்சிடுமுன் ‘ஹீ’, ‘ஹிஸ்’, ‘ஹிம்’ மூன்றையும் தேடிப் பார்க்கட்டும். இன்று காலை ஒரு நொத்தாரிசின் கடிதத்தில் நான்கு பிடித்தேன். நொத்தாரிசு ஒரு பெண்.