பாலாற்றுக்கு எந்தப் பாலம் சரி?

பாரம் தாங்கும் முறையை வைத்து உத்திரப் பாலம், வளைவுப் பாலம், இரும்புச் சட்டகப் பாலம், தொங்கு பாலம் என்று பிரிப்பது பொறியியல் வழக்கம். வேலூர்ப் பக்கத்து ஆற்றங்கரை ஊர்களில் கேட்பது ஒன்றைத்தான்: ஆற்றுப்படுகையை ஒட்டித் தாழ்வாகக் கட்டும் தரைப்பாலமா, தூண்கள் மேல் உயர்த்திக் கட்டும் உயர்மட்டப் பாலமா? அந்தப் பிரிவினைதான் இங்கே உயிர்நாடி.

தரைப்பாலத்துக்குச் செலவு குறைவு, சீக்கிரம் கட்டலாம். பாலாறு வருஷத்தில் பெரும்பகுதி வெறும் மணலாகக் கிடப்பதால் இதுவே போதும் என்று தோன்றும். வெள்ளம் வந்தால்தான் தெரியும். அடித்து வரும் முட்செடியும் குப்பையும் பாலத்துக்கு அடியில் தண்ணீர் போகிற குழாய்களை அடைத்துக்கொள்ள, பாலமே அணையாகிவிடுகிறது. அப்புறம் தண்ணீர் மேலே வழிந்து மறுபக்கம் விழுகிற இடத்தில் மணலைத் தோண்டும். அடியில் பிடிமானம் போனதும் கான்கிரீட் துண்டு துண்டாகச் சரியும். 2021 நவம்பர் வெள்ளத்தில் விரிஞ்சிபுரம் தரைப்பாலம் சேதமானபோது, எதிர்க்கரைக்குப் போக மக்கள் சுற்றிப் போக வேண்டியதாயிற்று.

சரி, உயர்மட்டம் என்றால் எந்த வகை? தொங்கு பாலம் நமக்கு வேண்டாம். ஆற்றுக்குள் தூண் நிறுத்தவே முடியாத ஆழத்துக்கு அது. கோடையில் பாலாற்றுக்குள் லாரியே இறங்கும். வளைவுப் பாலம் இரு பக்கமும் வெளியே தள்ளும், அதைத் தாங்கக் கெட்டியான ஆதாரம் வேண்டும். மணற்படுகையில் அது லேசில் அமையாது.

மிஞ்சுவது உத்திரமும் சட்டகமும். திருவலத்தில், பாலாற்றில் சேரும் பொன்னையாற்றின் மேல் நிற்கும் பழைய இரும்புப் பாலத்தைப் பாருங்கள். முக்கோணம் முக்கோணமாகக் கோத்த சட்டகம் ஒரே தாவலில் நீண்ட தூரம் கடக்கும். தண்ணீரை மறிக்கும் தூண்கள் குறையும். ஆனால் துரு விடாது, பெயின்ட் அடித்துப் பராமரித்துக்கொண்டே இருக்க வேண்டும். தூணுக்குத் தூண் கிடத்தும் கான்கிரீட் உத்திரத்துக்கு அந்தத் தொல்லை குறைவு, செலவும் கட்டுப்படியாகும். தூண்கள்தான் அதிகம். ஒவ்வொரு தூணைச் சுற்றியும் வெள்ளம் சுழன்று மணலை அரிக்கும்.

2021 டிசம்பரில் திருவலம் அருகே பொன்னையாற்று ரயில் பாலத்தின் தூணில் பாதிப்பு கண்டு ரயில்களை ரத்து செய்தார்கள். மேலே எந்த வகையானாலும் ஆபத்து அடியில்தான். என் ஓட்டு கான்கிரீட் உத்திரப் பாலத்துக்கு: தூண்களுக்கு நடுவே தண்ணீர் போகிற கண்களை அகலமாக விட்டு, தூண்களைக் குறைத்து, மணலைத் தாண்டிக் கெட்டியான படுகை வரை அஸ்திவாரம் இறக்க வேண்டும். பாலத்தை ஒட்டி ஒரு வண்டி மணல்கூட அள்ள விடக் கூடாது.