மணிக்கணக்கு வாடகைக்குத் தீவன அறுவடை இயந்திரம் எடுப்போர் கவனத்திற்கு

பழனி மலையின் வடக்கு அடிவாரத்தில் கறவை மாடு வைத்திருப்பவர்களில், மக்காச்சோளத்தைத் தட்டையோடு அறுத்து நறுக்கிக் குழியில் சைலேஜ் (காற்றுப் புகாமல் மூடிப் புளிக்க வைக்கும் தீவனம்) போட நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். இந்தத் தை மாத அறுவடைக்கு, டிராக்டரில் இணைக்கும் தீவன அறுவடை இயந்திரத்தை ஒருவரிடம் மணிக்கணக்கில் வாடகைக்குப் பேசியிருந்தேன். டீசலும் ஓட்டுநரும் அவருடைய பொறுப்பு என்பதால் பேச்சு எனக்குச் சாதகமாகவே தெரிந்தது.

முதல் குறை தாமதம். மக்காச்சோள மணியில் மாவு இறுகிய பகுதியையும் பால் நிற்கும் பகுதியையும் பிரிக்கும் கோடு, மணியின் பாதியிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு வரை இறங்கியிருக்கும்போது அறுத்தால்தான் பயிரில் உலர்பொருள் (ஈரம் போக மிஞ்சுவது) ஏறக்குறைய 30 முதல் 35 சதவீதம் இருக்கும். அந்தப் பருவத்தில் வருவதாக வாக்களித்தவர், வேறிடத்து வேலையைக் காரணம் காட்டி நாளைத் தள்ளிக்கொண்டே போனார். அடிவாரத்தில் முற்றிய கதிரை நிறுத்தி வைப்பது யானைக்கும் காட்டுப்பன்றிக்கும் பந்தி போடுவதற்குச் சமம் என்பது அவருக்கும் தெரியும். இயந்திரம் வந்து சேர்ந்தபோது கோடு மணியின் அடிவரை இறங்கி, கீழ்ச்சோகை முழுவதும் காய்ந்திருந்தது.

காய்ந்த பயிரைச் சிறிதாக நறுக்கினால்தான் குழியில் அமுங்கும், மணியும் உடையும். மணி நொறுக்கும் உருளை இல்லாத இயந்திரத்தில் வெட்டு நீளம் 1 செ.மீ. அளவில் இருப்பது நல்லது. எனக்கு வந்ததோ விரல் நீளத் துண்டுகளும் நார் நாராகக் கிழிந்த தட்டையும். சுழலும் கத்திகள் மழுங்கியிருந்தன. அவற்றுக்கு எதிரே அசையாமல் நிற்கும் பட்டைக்கத்தியோடு இருக்க வேண்டிய நெருக்கமும் இல்லை. கத்தியைத் தீட்டச் சொன்னதற்கு, "மாடு திங்கத்தானே போகுது, இது போதுங்க" என்றார் ஓட்டுநர். உள்ளிழுக்கும் உருளைகளை வேகமாக்கினால் துண்டு நீளும், நறுக்கும் வேலை குறையும், டீசல் மிஞ்சும். அந்த மிச்சம் இயந்திரக்காரருக்கு. மழுங்கிய கத்தி இயந்திரத்தைத் திணற வைத்து வேலையை இழுக்கும். அந்த நேரத்திற்கான வாடகையோ நம் தலையில். ஏக்கர் கணக்கில் பேசினாலும் முழுப் பாதுகாப்பு இல்லை, ஏனெனில் அப்போது அவசரத்தில் இன்னும் நீளமாக வெட்டத் தோன்றும்.

இரண்டு டிரெய்லர் கொண்டுவருவதாகச் சொல்லி ஒன்றைத்தான் கொண்டுவந்தார். அது குழிக்குச் சென்று திரும்பும்வரை அறுவடை இயந்திரம் வயலில் நின்றது. நின்ற நேரத்தையும் டிராக்டரின் மணி மீட்டரைக் காட்டிக் கணக்கில் சேர்த்துவிட்டார். பன்றி சாய்த்த வரிசைகளில் வெட்டும் முனையைத் தரையோடு தரையாக இறக்கி மண்ணையும் அள்ளிப் போட்டது தனிக் கதை. அடியில் 15 செ.மீ. கட்டை விட்டு அறுத்திருந்தால் அந்த மண் குழிக்குள் வந்திருக்காது.

குழியை மிதித்து டிராக்டர் ஏற்றி அழுத்தினோம், தார்ப்பாய் மூடி மண் மூட்டை அடுக்கினோம். ஆயினும் நீளத் துண்டுகளுக்கிடையே காற்று தங்கிவிட்டது. திறந்தபோது புளித்த வாசனைக்குப் பதிலாகச் சூடும், ஓரங்களில் வெள்ளைப் பூசணமும் இருந்தன. கெடாத பகுதியைத் தின்ற மாடுகளின் சாணத்தில் முழு மணிகள் அப்படியே வந்தன. பூசணம் படிந்ததைக் கலந்து போட்டுவிடலாம் என்று சிலர் சொன்னார்கள். அஃப்ளடாக்சின் என்ற பூசண நச்சு பாலில் இறங்கக்கூடியது என்பதால் நான் அதைக் கொட்டிவிட்டேன்.

ஆகவே இயந்திரம் பேசும்போதே வெட்டு நீளம், கத்தி தீட்டும் பொறுப்பு, டிரெய்லர் எண்ணிக்கை, நிற்கும் நேரத்திற்கு வாடகை இல்லை என்பது ஆகிய நான்கையும் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். முன்பணத்தைக் குறைத்துக் கொடுங்கள். முதல் டிரெய்லர் நிரம்பும் முன்பே ஒரு லிட்டர் குவளையில் நறுக்கியதை அள்ளித் தரையில் பரப்பிப் பாருங்கள். உடையாத மணி இரண்டு மூன்றுக்கு மேல் தெரிந்தால் இயந்திரத்தை அங்கேயே நிறுத்தச் சொல்லுங்கள். கத்தி தீட்டிப் பட்டையை நெருக்க ஆகும் நேரம், பிறகு டீசலிலும் வேகத்திலும் திரும்பிவிடும் என்பதால் நேர்மையான ஓட்டுநர் இதற்கு மறுப்புச் சொல்லமாட்டார்.

மீதித் தொகையைக் கேட்டு அவர் இன்னும் அழைத்துக்கொண்டிருக்கிறார். வயலில் இயந்திரம் சும்மா நின்ற நேரத்தைக் கழித்துக் கணக்கு எழுதிக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன்.